மாலையில் மதுரைக்குப் போன வீடு

நடந்தவை, வரிசையாக:

1. கார்த்திகை கடைசியில் அண்ணன் கப்பலிலிருந்து வீட்டுக்கு வந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

2. இடது கையில் ஒரு மரப்பெட்டி. உள்ளே அவருடைய செக்ஸ்டண்ட். கப்பல் ஏணியில் வழுக்கி விழுந்தபோது அவர் கையும் அதன் கண்ணாடியும் ஒன்றாக உடைந்தன. கண்ணாடியைக் கொழும்பில் மாற்றியிருந்தார்கள்.

3. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவர் திரும்பிப் போக வேண்டும். அதற்குள் மாற்றிய கண்ணாடியோடு கருவி சரியாக அளக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

4. கருவியைப் பிடிக்கும் வேலை இரண்டு நாள் என்னிடம் இருந்தது. பிறகு மதினியிடம் போனது.

5. எடுத்த அளவைத் திருத்திக் கணக்குப் போடும் வேலை எனக்கு.

6. காலைச் சூரியன் எங்கள் வீட்டை அல்லிநகரத்திலேயே வைத்தது. மாலைச் சூரியன் அதை மதுரையில் கொண்டுபோய் வைத்தது.

7. மதினியின் கையிலிருந்து கருவி வாங்கப்பட்டது. வாங்கச் சொன்னது நான்.

செக்ஸ்டண்ட் என்பது சூரியன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கும் பித்தளைக் கருவி. அந்த உயரமும் அளந்த நேரமும் சரியாகத் தெரிந்தால், நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம். எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது சர்வே வரைபடத்தில் இருக்கிறது. தீர்க்கரேகை எழுபத்தேழு பாகை, இருபத்தொன்பது கலை; அறுபது கலை ஒரு பாகை. கருவியும் அதையே சொன்னால் கருவி நல்லது. வேறு எதையாவது சொன்னால் அண்ணன் அதை நம்பிக் கடலுக்குப் போக முடியாது.

இந்த ஊரில் மலை இருக்கிறது, அடிவானம் இல்லை. அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு தாம்பாளத்தில் விளக்கெண்ணெய் ஊற்றி, விளக்குக்கரியைக் கலந்து வைத்தால் கறுப்புக் கண்ணாடி மாதிரி நிற்கும். அதில் சூரியன் விழும். வானத்துச் சூரியனுக்கும் எண்ணெய்ச் சூரியனுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்தால் உண்மையான உயரத்தைப் போல இரண்டு மடங்கு கிடைக்கும். பாதியாக்கிக்கொள்ளலாம். இது அண்ணனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பரீட்சைக்குப் படித்த வருஷம் அவருடைய பயிற்சிக் கணக்குகளில் பாதியைப் போட்டவள் நான். சென்னையில் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வந்து பெண்கள் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடலிலிருந்து எழுதும் கடிதங்கள் என் பெயருக்குத்தான் வந்துகொண்டிருந்தன. கடிதத்தின் பின்பக்கத்தில் நாலைந்து சூரிய அளவுகள் இருக்கும், சரிபார்க்கச் சொல்லி. அந்தச் சித்திரையில் அவருக்குக் கல்யாணம் ஆனது. வைகாசியிலிருந்து கடிதம் மதினி பெயருக்கு வந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை நான் எப்படிப் பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தெரியும்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் அண்ணன் அவளோடு வீட்டில் இருந்தது பதினோரு நாள். இதையும் எண்ணி வைத்திருந்தேன்.

அண்ணன் மாவுக்கட்டோடு வந்தபோது கருவியை நான்தான் பிடிப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெத்தையில், அதாவது எங்கள் மொட்டைமாடியில், தாம்பாளத்தை வைத்துவிட்டுக் கண்ணை வைத்தேன். கருவிக்குள் இரண்டு சூரியன் தெரியும். திருகைத் திருப்பி, இரண்டும் விளிம்போடு விளிம்பு தொடுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். என் கையில் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அல்லது நடுவே வெளிச்சம் விட்டு நிற்கும். சனிக்கிழமை ஐந்து அளவு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து அளவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் வீடு ஒரு தடவை மேற்கே போடிப் பக்கம் போனது, ஒரு தடவை கிழக்கே ஆண்டிபட்டிப் பக்கம் வந்தது.  பழகினால் வரும் என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மதினி காய்ந்த மிளகாயைத் துழாவிவிட மேலே வந்தாள். நீயும் ஒரு தடவை பார் என்று அண்ணன் விளையாட்டாகச் சொன்னார். அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். கொஞ்ச நேரம் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பிறகு, "தொட்டுருச்சு" என்றாள். அண்ணன் குனிந்து, கருவியை இடது கையால் தாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார். பிறகு இன்னொன்று. ஐந்து எடுத்தாள். காகிதத்தில் குறித்தபோது ஐந்தும் ஒரே கோட்டில் நின்றன, நூல் பிடித்த மாதிரி.

அவள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். பிறந்த ஊர் மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமம். கருவியின் பெயரைக்கூட அவள் சொல்வதில்லை; "அந்தப் பெட்டி" என்பாள்.

மறுநாளிலிருந்து ஏற்பாடு இப்படி ஆனது. காலை ஒன்பதரைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். அவர்கள் இரண்டு பேரும் மெத்தையில் இருப்பார்கள். அண்ணன் இடது கையில் கடிகாரத்தைப் பிடித்து நேரம் சொல்வார். மதினி சூரியனைத் தொடவைத்து, அளவைப் படித்து, ஒரு சீட்டில் எழுதுவாள். சாயங்காலம் நான்கு மணித் தந்தியில் ரயில் நிலையத்துக்குச் சரியான நேரம் வரும். அண்ணன் நடந்துபோய்க் கடிகாரத்தை ஒப்பிட்டு வருவார். நான் வீடு திரும்பும்போது என் மேசையில் சீட்டு இருக்கும், மேலே படிக்கல் வைத்து.

சீட்டில் அண்ணன் எழுத்து இருக்காது. அவள் எழுத்துத்தான், உருண்டை உருண்டையாக. தலைப்பில் ஒரு சொல். அதன் கீழே நேரம், பாகை, கலை.

நான் செய்ய வேண்டிய திருத்தங்கள் நான்கு. முதலில் கருவியின் பூச்சியப் பிழையை நீக்க வேண்டும். எங்கள் கருவி இரண்டு கலை கூடுதலாகக் காட்டும். அதன்பிறகுதான் பாதியாக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு கலை தப்பும். அடுத்தது, காற்று ஒளியை வளைப்பதற்காகக் கொஞ்சம் கழிக்க வேண்டும்; அட்டவணையில் இருக்கிறது. கடைசியாக விளிம்பு. கணக்குக்குத் தேவை சூரியனின் நடுப்புள்ளி. ஆனால் தொடவைப்பது விளிம்பை. கீழ் விளிம்பைத் தொட்டிருந்தால் சூரியனின் அரை விட்டத்தைக் கூட்ட வேண்டும், ஏறக்குறையப் பதினாறு கலை. மேல் விளிம்பைத் தொட்டிருந்தால் அதே பதினாறைக் கழிக்க வேண்டும். இரண்டு விளிம்பையும் எடுக்கலாம், எடுத்தால் நல்லது என்று அண்ணன் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். அதனால் சீட்டைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது தலைப்பில் உள்ள அந்த ஒரு சொல்லைத்தான்.

முதல் வாரம் காலையில் மட்டும் எடுத்தார்கள். எல்லாச் சீட்டிலும் "கீழ" என்று இருந்தது. பதினாறைக் கூட்டினேன். ஆறு நாளும் வீடு அல்லிநகரத்தில் இருந்தது, ஒரு கலை இப்படி அப்படி. இவ்வளவு நல்ல அளவுகளை நான் திருத்தியதே இல்லை. அதைச் சொல்லவும் இல்லை.

இரண்டாம் வாரம் சாயங்காலமும் எடுக்கத் தொடங்கினார்கள், மூன்றரை மணிக்கு. காலைச் சீட்டில் "கீழ". மாலைச் சீட்டில் "மேல". சரி, மேல் விளிம்பும் பழகுகிறாள் போலிருக்கிறது என்று பதினாறைக் கழித்தேன். விடை எழுபத்தெட்டு பாகை பத்துக் கலை. வரைபடத்தில் விரலை ஓட்டினால் மதுரை.

மறுநாளும் மதுரை. அதற்கு மறுநாளும். அந்த வாரம் ஆறு மாலையும் மதுரைதான்.

அண்ணனிடம் விடையை மட்டும் காட்டினேன். என் கணக்கை அவர் சரிபார்ப்பதில்லை. அது என்னிடம் அவர் வைத்திருந்த மரியாதை. காலையும் மாலையும் கருவி ஒரே கோணத்தை அளக்கிறது, காலையில் சரியாகவும் மாலையில் தப்பாகவும் எப்படி வரும் என்று தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு விடை தயாராக இருந்தது.

"கருவிக்குக் காலை சாயங்காலம் தெரியாதுண்ணே. பிடிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்."

மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, அவளுக்குப் பழக்கமில்லை, விளிம்பு எது வெளிச்சம் எது என்று தெரியாமல் திருகுகிறாள் என்று நிதானமாக விளக்கினேன். வகுப்பில் பேசுகிற குரலில் பேசினேன். அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா, கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டபோது எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்.

"பொழுது சாஞ்சா மதினி கண்ணு பொறந்த வீட்டுக்குக் கெளம்பிருது, வேற என்ன."

மதினி அண்ணன் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "என் கண்ணாச்சும் போயிட்டுத் திரும்பி வருது. நீங்க எப்பப் போகப் போறீக?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். வடுகபட்டியிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மூன்று மாதமாகப் பதில் சொல்லவில்லை. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மறுநாள் காலை அண்ணனிடம், நாள் குறைவாக இருக்கிறது, சந்தேகமான கண்ணை வைத்துக்கொண்டு கருவியைச் சோதிக்க முடியாது என்றேன். பள்ளிக்கூடம் முந்தின நாளோடு விடுமுறை விட்டிருந்தது. இனி காலையும் மாலையும் நானே பிடிக்கிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். மதினியிடம் அவரேதான் சொன்னார். கொஞ்ச நாளைக்குத் தங்கச்சி பார்க்கட்டும் என்றார். அவள் பெட்டியை மூடி, மேலே துணியைப் போர்த்தி, என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த எட்டு நாள் மெத்தையில் நானும் அண்ணனும். என் அளவுகள் சிதறத்தான் செய்தன. ஆனால் மாலையிலும் மதுரை வரைக்கும் போகவில்லை. போடிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவிலேயே அலைந்தன. அது நான் சொன்னதை மெய்ப்பித்தது. நான் நல்ல பிள்ளையாகச் சீட்டில் "கீழ் விளிம்பு" என்று முழுதாக எழுதினேன்.

அந்த எட்டு நாளில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். அண்ணன் நேரம் சொல்வார், நான் அளவு சொல்வேன். நடுவே அவர் படிக்கட்டுப் பக்கம் பார்ப்பார். முந்தின வாரம் சாயங்காலம் நான் தெருமுனையில் திரும்பும்போது மெத்தையில் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும். இப்போது சத்தமில்லை. மதினி பகலில் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டில் அம்மா இருக்க, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாத பெண் பட்டப்பகலில் புருஷனோடு உட்கார்ந்து பேச அந்தப் பெட்டி ஒன்றுதான் காரணமாக இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வாங்கினேன்.

அந்த எட்டு நாளின் நடுவே எனக்கு ஒரு யோசனை வந்தது. கருவிக்குப் பூச்சியப் பிழைத் திருத்தம் இருக்கிற மாதிரி, மதினியின் மாலைக் கண்ணுக்கும் ஒரு திருத்த அட்டவணை போட்டால் என்ன? அவளுடைய பழைய அளவுகளும் வீணாகாது; அவளுடைய குறை எத்தனை கலை என்று எழுத்தில் இருக்கும். இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மத்தியானம் ஆறு மாலைச் சீட்டுகளையும் எடுத்து, கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். வீடு இருக்கிற இடம் தெரியும், நேரம் தெரியும். அந்த நேரத்தில் சூரியன் எந்த உயரத்தில் நின்றிருக்க வேண்டும்? அவள் எடுத்ததை நான் திருத்திய உயரம் எவ்வளவு? இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?

முதல் சீட்டு: முப்பத்திரண்டரை கலை. இரண்டாவது: முப்பத்திரண்டரை. மூன்றாவது: முப்பத்திரண்டு. ஆறும் அப்படியே.

தடுமாறுகிற கண் ஒருநாள் இருபது தப்பும், ஒருநாள் ஐம்பது தப்பும். ஆறு நாளும் ஒரே அளவு தப்புவதற்கு அசாத்தியமான கண் வேண்டும். முப்பத்திரண்டரை கலை என்பது பதினாறேகால், இரண்டு தடவை. சூரியனின் முழு விட்டம். கூட்ட வேண்டியதைக் கழித்தால் அவ்வளவுதான் வரும். விடையாக வந்த தீர்க்கரேகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் இது என் கண்ணில் படவே இல்லை. ஒரு நாள் உயரத்தைப் பார்த்திருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நான் பார்க்க விரும்பவில்லை.

பின்கட்டில் மதினி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சீட்டைக் காட்டி, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"இது என்ன மதினி, தலைப்புல மேலன்னு எழுதியிருக்கீக?"

"வேற என்னன்னு எழுத? காலையில கீழவானம், சாயங்காலம் மேலவானம். பொழுது எங்கன நிக்கிதுன்னு எழுத வேணாமா?" சுளகை நிறுத்தாமல் சொன்னாள். எப்போதும் கீழ் விளிம்பைத்தான் தொடவைத்ததாகவும், அண்ணன் அதைத்தான் செய்யச் சொன்னதாகவும் சொன்னாள். விளிம்பு மாறாதபோது அதை ஏன் எழுத வேண்டும் என்று அவள் கேட்டது நியாயம்.

நான் பிறந்து வளர்ந்தது மேலத்தெருவில். அது எந்தத் தெருவுக்கும் மேலே இல்லை. ஊருக்கு மேற்கே இருக்கிறது. கீழத்தெருக்காரர்கள் பள்ளத்தில் குடியிருக்கவில்லை. அந்தச் சொற்களை இருபத்திரண்டு வருஷம் திசையாகவே பேசிவிட்டு, சீட்டில் பார்த்தவுடன் இங்கிலீஷ் புத்தகத்தின் விளிம்பாகப் படித்திருக்கிறேன். மதினி எழுதியது ஊரில் எல்லாருக்கும் புரியும். படித்த எனக்குத்தான் புரியவில்லை.

உடனே சொல்லவில்லை. காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். அண்ணன் இனிமேல் என் கணக்கை நம்பமாட்டார். மதினியின் கண்ணே உசத்தி என்று ஆகிவிடும். கருவி நல்லது என்பது எப்படியும் தெரிந்துவிட்டது, ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றாவது காரணம் பொய் என்று எழுதும்போதே தெரிந்தது. கருவி நல்லது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என் சிதறல்களை வைத்துக்கொண்டு அண்ணன் முடிவெடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். அப்படியும் நாலு நாள் போனது. தினமும் இரண்டு வேளை மெத்தைக்குப் போய்க் கருவியைப் பிடித்தேன்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் பெட்டியை மூடிவிட்டு, இதை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன் என்றார். அப்போதுதான் கீழே போய் மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பேர் முன்னாலும் சீட்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கூட்ட வேண்டியதை நான் கழித்தேன் என்றேன். மதினியின் அளவுகளில் ஒரு பிழையும் இல்லை என்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் ஒரு சீட்டை எடுத்து மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "இது எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நாலு நாளாத் தெரியும்."

அவர் சீட்டைக் கீழே வைத்தார். மதினிதான் சொன்னாள், யாரையும் பார்க்காமல், எண்ணெய்த் தாம்பாளத்தைப் பார்த்து. "நாலு நாளும் நல்ல வெயில்."



பழைய சீட்டுகளைத் திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு மாலையும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன, ஒரு கலைக்குள். கருவி நல்லது. அண்ணன் பெட்டியை மதினி கையில் கொடுத்தார். ஆனால் போகியன்று மேகம் கட்டிக்கொண்டது. பொங்கலன்று பானை பொங்கும்போதும் சூரியன் தெரியவில்லை. மாட்டுப் பொங்கல் சாயங்காலம் மலைப் பக்கம் மேகம் கொஞ்ச நேரம் விலகியது. அவர்கள் இரண்டு பேரும் மெத்தைக்குப் போனார்கள். நான் போகவில்லை. இரண்டு அளவுதான் எடுக்க முடிந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் வெகு நேரம் கீழே வரவில்லை. அம்மா கூப்பிடப் போனாள். நான் அவளுக்கு வேறு வேலை சொன்னேன். மறுநாள் அண்ணன் ரயிலேறினார்.

இப்போதைய நிலை இதுதான். அண்ணன் கடலில் இருக்கிறார். கருவி அவரிடம் இருக்கிறது. கடிதம் மதினி பெயருக்கு வருகிறது. உள்ளே ஒரு தனித்தாளில் சூரிய அளவுகள் இருக்கின்றன. அவள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தாளை என்னிடம் கொடுக்கிறாள். நான் திருத்தி, கணக்குப் போட்ட வழியை முழுதாக எழுதி அனுப்புகிறேன். விடையை மட்டும் அனுப்புவதில்லை. மதினி என்னோடு பேசுகிறாள், தேவையான அளவுக்கு. அவள் மீது எனக்குப் பொறாமை இன்னும் இருக்கிறது.